விடும் இடம்: திரியாய்

லொறியின் பின்பக்கத்தை மூடிக் கட்டியிருந்த நீலப் படங்குக்கு அடியால் ஒரு கை வெளியே வந்தது.

சின்னக் கை. என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். நகங்கள் கறுப்பு. அது படங்கின் விளிம்பைப் பிடித்தது, விட்டது, திரும்பவும் பிடித்தது.

காலை வெயில் அப்போதுதான் எங்கள் ஒழுங்கைக்குள், அந்தச் சின்னத் தெருவுக்குள், இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. நான் தட்டில் ஆறு கோப்பைத் தேத்தண்ணீரோடு லொறிக்குப் பக்கத்தில் நின்றேன். குரங்குக் கூடுகளை ஏற்றிய ஆட்களுக்கு நான்தான் தேத்தண்ணீர் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் நானாகவே ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கையைக் கண்டேன். கண்டுவிட்டு, "சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் தாதியாக, ஊருக்கெல்லாம் மிஸியாக, வேலை செய்தவள் நான். கட்டிலுக்கு வெளியே தொங்கும் கையைக் கண்டால் எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவேன். அது படிப்பித்து வந்ததல்ல, உடம்பில் ஊறியது. அன்றைக்கு அதுவும் வேலை செய்யவில்லை.

போன கிழமை இந்தத் தொடரில் பிரசவ வார்ட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் போன் எடுத்து, "மிஸி, விழுந்து விழுந்து சிரிச்சம்" என்றார்கள். இந்தக் கிழமை சிரிக்க அதிகம் இல்லை. இதை எழுத வேண்டாம் என்று எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்காரர் வந்து கேட்டார்கள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மேட்ரன்

எங்கள் ஒழுங்கைக்குக் குரங்குகள் வரத் தொடங்கி ஐந்தாறு வருஷம் இருக்கும். முதலில் மதிலோடு நின்றன. பிறகு கூரைக்கு ஏறின. பிறகு ஓட்டைக் கிளப்பிக்கொண்டு சீலிங்குக்குள் இறங்கின. கடைசியில் குசினி, அடுப்படி வரைக்கும்.

எங்கள் ஊரில் மான் நடுத்தெருவில் நிற்கும். வெளியூர்க்காரர் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அதன் வயிற்றுக்குள் எத்தனை சொப்பிங் பை கிடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. மானுக்கு நல்ல பெயர், குரங்குக்குக் கெட்ட பெயர். இரண்டும் சீவிப்பது நாங்கள் மூடாமல் வைக்கும் குப்பையில்தான்.

பத்து மணிக்கு வருவார்கள், டொக்டர்மார் வார்ட் சுற்ற வருவதுபோல. முன்னால் ஒரு பெரிய பெண் குரங்கு. இடது காது கிழிந்திருக்கும். அதன் பின்னால் ஏழெட்டுப் பேர். நான் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களை நடுங்க வைத்த மேட்ரன் ஒருவர் இருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து பார்த்துக்கொண்டு போவார். அந்தக் குரங்கும் அப்படித்தான் செய்தது. ஆகவே அதற்கும் மேட்ரன் என்றே பெயர் வைத்தேன்.

என் குசினியின் பின்கதவு கம்பி வலை அடித்த கதவு. வலையின் ஒரு மூலை பிய்ந்து கிடந்தது. மேட்ரன் அந்த ஓட்டைக்குள்ளால் கையை விட்டு, இரண்டு விரலால் கொளுக்கியைத் தூக்கும். சத்தமே வராது. அந்த மூலையைக் கம்பி போட்டுத் தைக்க அரை மணித்தியாலம் போதும். இரண்டு வருஷமாக நான் தைக்கவில்லை.

கதவடிக்கு வரப் பழக்கியதும் நான்தான். என் மனுசன் செத்த பிறகு வீட்டில் நான் ஒருத்தி. பத்து மணிக்குப் பின்படியில் தேத்தண்ணீரோடு இருப்பேன். பேக்கரிப் பாணின் கரையைப் பிய்த்துப் போடுவேன். மேட்ரன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து குந்தும். அதன் வயிற்றில் ஒரு குட்டி தொங்கும். இரண்டு பேரும் கடலைப் பார்ப்பது மாதிரி மதிலைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஆள் இல்லாத வீட்டுக்கு நேரம் தவறாமல் ஒருவர் வந்தால், யார் என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

பிறகு அந்த மாரி வந்தது. கூட்டம் கிளப்பி விட்ட ஓட்டுக்குள்ளால் மழைத் தண்ணீர் இறங்கி, சீலிங் ஊறி, அறையில் இருந்த அலுமாரிக்கு மேல் விழுந்தது. அலுமாரியின் மேல்தட்டில் எங்கள் கல்யாணப் படம் இருந்தது. ஒரே ஒரு படம். மற்றதெல்லாம் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் போய்விட்டது. படத்தை எடுத்துத் துடைத்தபோது என் முகம் இருந்தது. அவர் முகம் துணியோடு வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒழுங்கையில் என்னை விடக் குரங்கை வெறுத்தவர் ஒருவரும் இல்லை.

முத்திரை குத்திய ஒழுங்கை

எங்கள் ஒழுங்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பாதிப் பேர் அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர்கள். கடிதம் இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் நடக்காது. வாய்க்கால் அடைத்தால் கடிதம். தெருவிளக்கு எரியாவிட்டால் கடிதம். ஒழுங்கைச் சங்கத்துக்கு வட்டமான ஒரு முத்திரை இருக்கிறது. அதைக் குத்திவிட்டால் எந்தக் காரியமும் சட்டமாகிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

சங்கத் தலைவர் பரராசா அண்ணர், பிரதம லிகிதராக இருந்தவர். சனிக்கிழமைகளில் அனுமாருக்கு நேர்த்தி என்று மதிலில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே மதிலில் ஏறுகிற குரங்குக்குக் கெட்டபோலில் கல் வைத்து அடிப்பார். நாங்கள் வேதக்காரர் மட்டும் திறமோ? கிறிஸ்மஸ் முடிந்த அடுத்த நாள் எங்கள் குப்பை வாளிகள் எல்லாம் இறைச்சியும் சோறுமாக மூடியில்லாமல் நிற்கும். கொடுத்த கையும் அடித்த கையும் ஒன்று. குரங்குக்குத்தான் குழப்பம்.

முதலில் முறைப்படிதான் செய்தோம். வனசீவராசிகள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். முத்திரையும் குத்தினோம்.

ஹனீபா என்று ஓர் உத்தியோகத்தர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த மனுசன். கொதிக்கிற வெயிலில் ஒழுங்கையை இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாளியையும் குனிந்து பார்த்தார். கூரையைத் தொடும் ஜம்பு மரக் கொப்புகளைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். பிறகு பரராசா அண்ணர் வீட்டு முற்றத்தில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"வாளிக்கு இறுக்கமான மூடி போடுங்கோ. கொப்பை வெட்டுங்கோ. சீலிங்குக்குள்ள ஒண்டும் இல்லையெண்டு, குட்டியும் இல்லையெண்டு வடிவாப் பாத்திட்டு ஓட்டை அடையுங்கோ. ஒருத்தரும் சாப்பாடு போடக்கூடாது. எல்லா வீடும் ஒரே நாளில தொடங்க வேணும். ஒரு வீடு போட்டாலும் சரிவராது."

"பிடிச்சுக்கொண்டு போக ஏலாதோ?" என்று பரராசா அண்ணர் கேட்டார்.

"அனுமதி இல்லாமல் பிடிச்சு ஏத்திக்கொண்டு போறது சட்டப்படி பிழை, ஐயா. சட்டத்தை விடுங்கோ. கொண்டுபோய் விட்டா, அங்க இருக்கிற கூட்டம் இதுகளைக் கடிச்சுக் குதறும். தப்பினது பக்கத்து ஊருக்குள்ள இறங்கும். இஞ்ச வெறுமையான இடத்துக்கு வேற கூட்டம் வந்திடும்."

"எவ்வளவு நாள் செல்லும், நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்தா?"

"நாலைஞ்சு மாதம் பொறுக்க வேணும்."

அப்போதுதான் நான் எழும்பினேன். முகம் அழிந்த படம் என் கண்ணுக்குள் நின்றது. "தம்பி, உங்களுக்குச் சம்பளம் தாறது ஆர்? நாங்களோ, குரங்கோ?" என்று கேட்டேன்.

முற்றம் முழுவதும் சிரித்தது. யாரோ கையும் தட்டினார்கள். ஹனீபா கோபிக்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நான் சொன்னதை யோசியுங்கோ, மிஸி" என்றுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

நாங்கள் யோசிக்கவில்லை. ஒரு வாளிக்குக்கூட மூடி போடவில்லை.

வெறுமையாகக் கிடந்த கோடு

இரண்டு கிழமையில் பரராசா அண்ணர் கூடு வைத்துக் குரங்கு பிடிக்கும் ஓர் ஆளைக் கண்டுபிடித்தார். பெயர் வேண்டாம், கூடுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். களவாகச் செய்யும் வேலைக்குக்கூட நாங்கள் பத்திரம் தயாரித்தோம் என்றால் நம்புவீர்களோ? "குரங்குத் தொல்லை நீக்கல்: குடியிருப்பாளர் சம்மதப் பத்திரம்" என்று தலைப்பு. வீட்டு இலக்கம், பெயர், கையொப்பம். அடியில் மூன்று கோடு: பிடிப்பவர், வாகனம், விடும் இடம். கீழே முத்திரை.

பிளாஸ்டிக் கதிரைகளில் சுற்றி இருந்து நிரப்பினோம். முதல் வரியில் கையெழுத்து வைத்தவள் நான். கடைசிக் கோடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"எங்க விடுறது?" என்று கூடுக்காரர் கேட்டார். "எனக்கெண்டா எங்க விட்டாலும் ஒண்டுதான். காடா இருந்தாச் சரி."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "திரியாய்ப் பக்கம் விடலாம். அங்கால காடு இருக்கு."

பேனையை என்னிடமே தந்தார்கள். வார்ட் ரிப்போர்ட் எழுதிப் பழகிய அழகான கையெழுத்தில் 'திரியாய்' என்று எழுதினேன்.

திரியாயில் காடு இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? என் கூடப்பிறந்த தங்கச்சி ஜெயா அங்கே இருக்கிறாள். அந்தக் காட்டுக்கு முன்னால் அவளுடைய தோட்டம் இருக்கிறது, நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான். எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை என்று இங்கே சொன்னால் ஒருவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் வந்தது. காடு பெரியது, அவளின் தோட்டம் எங்கே, லொறி போகிற இடம் எங்கே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிவிட்டுப் பேனையை மூடினேன்.

கூடு வைத்த முதல் இரண்டு நாளும் மேட்ரன் கிட்டவும் வரவில்லை. "அந்தப் பெரிசு உள்ளுக்குப் போனாத்தான் மற்றதுகள் போகும்" என்றார் கூடுக்காரர். ஆட்கள் வைத்த வாழைப்பழத்தை அது தொடவில்லை. மதிலில் இருந்து என்னைப் பார்த்தது.

மூன்றாம் நாள் பத்து மணிக்குத் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு நானே போய்க் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் பாண் கரையை வெளியே போட்டேன். இரண்டாவதைக் கூட்டு வாசலில் வைத்தேன். மூன்றாவதை உள்ளே எறிந்தேன்.

மேட்ரன் குட்டியோடு உள்ளே போனது. கதவு விழுந்தது. ஒழுங்கையே கைதட்டியது.

இப்போது அந்தப் படங்குக்கு அடியால் வந்த குட்டிக் கை யாருடையது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். மற்றவையும் பின்னேரத்துக்குள் மற்றக் கூடுகளில் விழுந்தன; அடுத்த நாள் காலை ஒன்பது குரங்கு ஏறிய லொறி புறப்பட்டது. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அன்று மத்தியானம் நன்றாக நித்திரை கொண்டேன்.

கொளுக்கி

ஒன்றரை மாதம் பெரிய நிம்மதி. சீலிங் திருத்தினேன். ஒழுங்கையின் வாட்ஸ்அப் குழுவில் பூவும் கைகூப்பும் பறந்தன. "எல்லாம் மிஸியாலதான்" என்று பரராசா அண்ணர் எழுதினார். அதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில் ஜெயா போன் எடுத்தாள்.

"அக்கா, இஞ்ச குரங்குத் தொல்லை தாங்க ஏலாமல் கிடக்கு. கச்சான் எல்லாத்தையும் இழுத்துப் போட்டிட்டுது. இன்னும் முத்தேல்லை, பிஞ்சு. சப்பித் துப்பிப் போட்டுப் போகுது."

"காட்டில பஞ்சமாக்கும்" என்றேன். என் குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"காட்டுக் குரங்கை நாங்கள் கண்டிருக்கிறம் அக்கா. ஒரு அதட்டில ஓடும். இது ஓடாது. கையைப் பாக்குது, கையில என்ன இருக்கெண்டு. நேற்று ஒண்டு குசினிக்குள்ள வந்திட்டுது. வலைக் கதவின்ர இடுக்குக்குள்ளால கையை விட்டு, ரெண்டு விரலால கொளுக்கியைத் தூக்குது. காட்டில இருக்கிறதுக்குக் கொளுக்கியை ஆர் காட்டிக் குடுத்தது?"

நான் குசினியில் நின்றுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் பின்கதவும் கொளுக்கியும். பிய்ந்த மூலையை அப்போதும் தைக்கவில்லை.

"என்னக்கா சத்தத்தைக் காணேல்லை?"

"லைன் வெட்டுது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜெயா

ஜெயாவைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் உண்டு.

சந்தைக்குக் கச்சான் கொண்டுவந்த தில்லைநாதனை அவள் விரும்பினாள். அவர் சைவம், நாங்கள் வேதம். அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்கயெண்டாலும் போய் இரு. எங்கட கண்ணில படாமல் இருந்தாச் சரி" என்றார். ஒரு பையோடு அவள் படியிறங்கினாள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சம்பளம் எடுக்கிற பெண், வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. வாய் திறக்கவில்லை.

பிறகு நாட்டில் சண்டை. திரியாய் ஆட்கள் ஊரை விட்டு ஓடினார்கள். வருஷக்கணக்காக அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஒரு நாள் என் வார்ட்டில் காய்ச்சல் பிள்ளையோடு முகாமில் இருந்து வந்த ஒரு பெண், "அக்கா" என்றாள். நோயாளிகள் எல்லாரும் என்னை மிஸி என்பார்கள். நிமிர்ந்து பார்த்தேன்.

பழைய கதை ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய், காடு மூடிக் கிடந்த காணியை இரண்டு பேருமாகக் கையால் வெட்டித் துப்புரவாக்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அறுவடையில் முதல் சாக்குப் பச்சைக் கச்சான் பஸ்ஸில் எனக்கு வரும். மண்ணோடு வரும். உப்புப் போட்டு அவிப்பேன். வீடு முழுக்க மணக்கும்.

அந்தத் தோட்டத்துக்குத்தான் ஒன்பது குரங்கை அனுப்பினேன். ஒரு தரம் கண்ணில் படாத இடத்துக்கு அவளை அனுப்பினோம். அவளுக்குப் பின்னாலேயே எங்கள் தொல்லையையும் அனுப்பினேன். இதை எழுதும்போது என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

வாழைப்பழம்

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று பேக்கரியில் இரண்டு றாத்தல் பாண் வாங்கினேன். உண்மையைச் சொல்லும் எண்ணத்தோடு போகவில்லை. ஏதாவது உதவி செய்யலாம், குரங்கை விரட்ட யாரிடமாவது கேட்டு ஒரு வழி சொல்லலாம், இப்படித்தான் எண்ணம். உப்புவெளி தாண்டும்வரை என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன்.

தோட்டத்தைப் பார்த்தேன். பாதி வரிசை வேரோடு கிளம்பிக் கிடந்தது. வெயிலில் செடி வாடிய மணம். ஜெயா மெலிந்திருந்தாள்.

பின்வளவில் தில்லைநாதன் ஒரு சட்டி மூடியில் ஆறு வாழைப்பழத்தை வைத்து, கத்தியால் கீறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு போத்தல்.

"மச்சாள், கிட்ட வராதேங்கோ. மணக்கும்."

அந்த மணம் எனக்குத் தெரியாததா? பூச்சிமருந்து குடித்தவர்களை எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். நுரை தள்ளி, உடம்பு இழுத்து, கண்மணி ஊசித்துளை அளவுக்குச் சுருங்கி. அது சாவு அல்ல, சித்திரவதை.

"இது வேண்டாம், தில்லைநாதன். சட்டத்துக்கும் பிழை" என்றேன். சட்டம்! என் வாயில் அந்தச் சொல் எப்படி வந்ததோ.

"சட்டம் கச்சான் தருமோ, மச்சாள்? வேற என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"

பின்படியில் குந்தினேன். பாண் பையை மடியில் வைத்தேன். நேரம் பத்து இருக்கும்.

பாலை மரத்தில் இருந்து ஒன்று இறங்கியது. கிணற்றுக்கட்டுக்குத் தாவி, அங்கிருந்து முற்றத்துக்கு வந்தது. தில்லைநாதன் தடியை எடுத்தார். அது அவரைப் பார்க்கவில்லை. நேராக வந்து, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் குந்தியது. இடது காது கிழிசல். தோளில் கடித்த புண், ஈ மொய்த்தது. எலும்பு தெரிந்தது. வயிற்றில் குட்டி இல்லை.

மேட்ரன் என் முகத்தைப் பார்த்தது. மடியில் இருந்த பையைப் பார்த்தது. பிறகு கையை நீட்டியது.

தில்லைநாதன் தடியை இறக்கினார்.

"அக்கா" என்றாள் ஜெயா. "அது ஏன் உங்களிட்ட வருது?"

சொன்னேன். ஆஸ்பத்திரியில் சாவுச் செய்தி சொல்வதுபோல, சுற்றி வளைக்காமல் சொன்னேன். பத்திரம், லொறி, பாண் கரை, என் கையால் எழுதிய ஊர்ப்பெயர். ஜெயா தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தில்லைநாதன்தான் சட்டி மூடியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"அப்ப நீங்களே குடுங்கோ, மச்சாள். எங்களிட்ட வாங்காது. உங்கட கையெண்டா வாங்கும்."

அவர் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தோட்டம் போன மனுசன் வழி தேடினார். ஆனால் அதைவிடச் சரியாக என்னை ஒருவரும் ஏசியதில்லை.

மூடியைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். மண்வெட்டியால் வேலியோரம் குழி வெட்டி ஆறு பழத்தையும் புதைத்தேன். மேட்ரன் பாலை மரத்துக்கு ஓடிவிட்டது. தில்லைநாதன் கத்தினார்: "அப்ப ஆர் எங்களுக்குப் பதில் சொல்லுறது?" நான் கையைக் கழுவிவிட்டு, அங்கேயே நின்று ஹனீபாவுக்குப் போன் எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது ஜெயா குசினிக்குள் போயிருந்தாள். வலைக் கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள். பிறகு ஒரு கட்டுக்கம்பியை எடுத்துக் கொளுக்கியைச் சுற்றி மூன்று நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினாள். நான் வெளியே நின்றேன்.

இரண்டாவது பத்திரம்

பின்னேரம் ஹனீபா வந்தார். முற்றத்தில் நின்றே என் வாக்குமூலத்தை எழுதினார். "சம்பளம் தாறது ஆர்" என்று கேட்டவளை இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஊர் ஆட்களோடு கதைத்து முறை வைத்துக் காவல் நிற்க ஒழுங்கு செய்தார். நட்டஈட்டுக்கு யாரிடம் எழுத வேண்டும் என்று தில்லைநாதனுக்குச் சொன்னார். ஒன்பதில் நான்குதான் கண்ணில் பட்டன. மற்ற ஐந்துக்கும் என்ன நடந்தது என்று கேட்டேன். காட்டுப் பக்கம் பார்த்தார்.

"மேட்ரனைத் திருப்பிக் கொண்டுபோக ஏலாதோ, தம்பி?"

"ஏலாது, மிஸி. உங்கட ஒழுங்கைக்கு இப்ப வேற கூட்டம் வந்திருக்கும்."

வந்துதான் இருந்தது. அடுத்த நாள் காலை என் கூரையில் ஓடு கிளம்பும் சத்தம் கேட்டது. பெரியது, பழையதை விடப் பெரிய கூட்டம்.

அன்றைக்கே குசினிக் கதவின் பிய்ந்த மூலையைத் தைத்தேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வாளிக்கு மூடி போட்டு மேலே கல் வைத்தேன். ஜம்பு மரக் கொப்பை ஆள் வைத்து வெட்டினேன். பாண் கரையை உள்ளேயே தின்றேன். புதுக் கூட்டம் என் வீட்டைச் சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் பரராசா அண்ணர் வீட்டுக்குப் போனது. அது சனிக்கிழமை. அவர் மதிலில் பழம் இருந்தது.

நான் வாக்குமூலம் கொடுத்தது அப்போது ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரியும். விசாரணைக் கடிதம் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது, அந்த மூன்று வீட்டுக்காரர் எழுத வேண்டாம் என்று வந்ததும் அதனால்தான்.

ஒரு கிழமையில் பரராசா அண்ணர் என் வீட்டுக்கு வந்தார். கையில் புதுப் பத்திரம். அதே தலைப்பு, அதே கோடுகள். முத்திரை முன்னாலேயே குத்தியிருந்தது.

"முதல் கையெழுத்து நீங்கள்தான் வைக்க வேணும், மிஸி. ராசியான கை."

நான் கடைசிக் கோட்டைப் பார்த்தேன்.

"இந்த முறை திரியாய் வேண்டாம். உங்கட தங்கச்சி அங்க இருக்கிறா எண்டு பிறகுதான் கேள்விப்பட்டன். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. தெற்குப் பக்கமா ஒரு காடு இருக்காம்."

"அங்க ஆர் இருக்கினம், அண்ணர்?"

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்றார். நிம்மதியாகச் சிரித்தார். "அதாலதானே அங்க."

பேனையை வாங்கினேன். முதல் வரியில் கையெழுத்து வைத்தேன். கடைசிக் கோட்டில், விடும் இடம் என்ற சொல்லுக்கு நேரே, என் வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் எழுதினேன். அதே வார்ட் ரிப்போர்ட் கையெழுத்து.

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "பகிடி விடாதேங்கோ, மிஸி."

"பகிடி இல்லை. இந்த ஒழுங்கையில இருந்து எதைப் பிடிச்சாலும், கொண்டுவந்து இஞ்ச விடுங்கோ."

பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டே போனார்.

ஜெயாவுக்கு எட்டுத் தரம் போன் எடுத்துவிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கிறாள் இல்லை. அறுவடை முடிந்து ஒரு மாதமாகிறது. இந்த வருஷம் திரியாய் பஸ்ஸில் எனக்குக் கச்சான் வரவில்லை.